தஞ்சாவூரா, கும்பகோணமா, மயிலாடுதுறையா? வாடகைக்கு விட வீடு வாங்க எது சரி?

பாபநாசம் பையன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வாடகை வருமானத்துக்காக டெல்டாவிலேயே ஒரு சொத்து வாங்கலாம்னு இருக்கேன். வேலை திருப்பூர்ல, வாரா வாரம் வந்து பார்க்க முடியாது. கையில 40 லட்சம் இருக்கு, தேவைப்பட்டா 25 லட்சம் வரைக்கும் லோன் போடலாம். தரகர்கள் காட்டினதுல மூணு நிக்குது.

தஞ்சாவூர் நாஞ்சிக்கோட்டை ரோடு பக்கம் 1,200 சதுர அடி மனை, கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன், 15 வருஷக் கட்டடம். 58 லட்சம் சொல்றாங்க. ரெண்டுலயும் குடித்தனம் இருக்கு, கீழே 11,000, மேலே 10,000 வாடகை.

அடுத்தது கும்பகோணம் மகாமகக் குளத்துக்குக் கிட்ட தெருவீடு. 18 அடி முகப்பு, பின்னாடி கொல்லை வரைக்கும் நீளம். 32 லட்சம்தான். "அடிமனை கோயிலுது, கட்டடம் நம்மளுது, இந்த ஊர்ல எல்லாமே அப்படித்தான்"னு தரகர் சொல்றார். 2028 மகாமகத்துக்குள்ள விலை ஏறிடுமாம்.

கடைசியா மயிலாடுதுறை மன்னம்பந்தல் பக்கம் லேஅவுட்ல 1,500 சதுர அடி காலி மனை, 18 லட்சம். கலெக்டர் ஆபீஸ் வந்துட்டதால வீடு கட்டிவிட்டா ஆள் வரிசையில நிக்கும்ங்கிறாங்க.

எதை எடுக்கலாம், எதுல என்னத்தைப் பார்க்கணும்?


அரசலாறு:

சார், கும்பகோணம் வீட்டை முதல்ல தள்ளி வைங்க. தரகர் சொல்றது பாதி உண்மை. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்னு பழைய கோயில் ஊர் எல்லாத்துலயும் கோயில் மண்ணுலயும் மடத்து மண்ணுலயும் தலைமுறையா குடியிருக்கிறவங்க ஏராளம். அவங்க குடியிருக்கிறது வேற, நீங்க புதுசா காசு போட்டு வாங்கி இன்னொருத்தருக்கு வாடகைக்கு விடறது வேற.

பத்திரத்துல உங்களுக்கு விக்கப்படறது மேல்கட்டுமானம் மட்டும். அடிமனை வாடகைதாரர்ங்கிற இடம் தானா உங்களுக்கு மாறாது. கோயில் நிர்வாகம் உங்க பேரை ஏத்துக்கிட்டு ரசீது போட்டாத்தான் உண்டு. அதுவரைக்கும் அவங்க கணக்குல நீங்க ஆக்கிரமிப்பாளர், அறநிலையத் துறைச் சட்டம் 78-ஆம் பிரிவுல வெளியேத்த நடவடிக்கை எடுக்க இடம் இருக்கு. அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி கோயிலின் அசையாச் சொத்தை அஞ்சு வருஷத்துக்கு மேல குத்தகைக்கு விட ஆணையர் அனுமதி வேணும். 34-ஏ படி அடிமனை வாடகையைச் சந்தை நிலவரம் பார்த்து மூணு வருஷத்துக்கு ஒருமுறை திருத்துவாங்க. விக்கிறவர் சொற்பத் தொகைக்குப் பழைய ரசீதைக் காட்டுவார். திருத்தின வாடகைக்கும் அவர் கட்டினதுக்கும் உள்ள வித்தியாசம் கோயில் பேரேட்டுல பாக்கியா ஏறிக்கிட்டே இருந்திருக்கும். பேர் மாத்த மனு கொடுக்கிறப்பதான் அந்தத் தொகை வெளிய வரும். அப்ப விக்கிறவர் பணத்தை வாங்கிக்கிட்டுப் போயிருப்பார்.

இதுல நீங்க குடியிருக்காம உள்வாடகைக்கு விடறீங்கன்னா அதுவே தனிச் சிக்கல். மண் உரிமை இல்லாத கட்டடத்துக்கு வங்கி வீட்டுக் கடன் கொடுக்கறது ரொம்பச் சிரமம். நாளைக்கு நீங்க விக்கணும்னாலும் முழுப் பணத்தையும் ரொக்கமா வச்சிருக்கிற ஆள்தான் வாங்க முடியும். 32 லட்சத்துல மண்ணுக்கு ஒரு பைசா கிடையாது. பழைய ஓடும் உத்திரமும் சுவரும் மட்டும் அந்த விலை பெறுமான்னு நீங்களே பாருங்க.

கும்பகோணத்துலயே வேணும்னா சொந்த மண் உள்ள வீடும் இருக்கு. அதைக் கண்டுபிடிக்க வில்லங்கச் சான்று போதாது, ஏன்னா மேல்கட்டுமான விற்பனைகளும் அதுல சாதாரணமா பதிவாகியிருக்கும். டவுன் சர்வே எண்ணை வச்சு டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) நகல் எடுங்க. கிராம எல்லைன்னா அ-பதிவேடு (கிராம நிலங்களோட உரிமைப் பதிவேடு). உரிமையாளர் பத்தியில சுவாமி பேரோ, தேவஸ்தானம், மடம், கட்டளை, வக்ஃபுன்னு ஏதாவதோ இருந்தா அதோட நிறுத்திக்கலாம். பதிவுத் துறை தளத்துல அந்த சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு வச்ச நில மதிப்பு) பூஜ்யம்னு காட்டினா, பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவுல முடக்கி வச்ச எண்ணா இருக்க வாய்ப்பு அதிகம்.

தெருவீட்டுக்கே உரிய இன்னும் ரெண்டு தொல்லை உண்டு. 18 அடி முகப்பு வீட்டுல ரெண்டு பக்கமும் பொதுச்சுவர். பக்கத்து வீட்டு உத்திரம் நம்ம சுவத்துல உட்கார்ந்திருக்கும். இடிச்சுக் கட்டப் போனா அவங்க கூரைக்கு முதல்ல முட்டுக் கொடுக்கணும், ஒப்புதல் வாங்கணும், புதுசா சுவர் வைக்கிறப்ப உங்க அகலத்துல முக்கால் அடி போகும். அடுத்தது வாரிசு. தாத்தா பேர்ல பத்திரம் இருக்கும், பேரன் ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடத் தயாரா நிப்பார். கூட்டுக் குடும்பச் சொத்துல பெண்களுக்கும் பங்குன்னு தமிழ்நாட்டுல 1989-லேயே சட்டம் வந்தாச்சு, 2005 செப்டம்பர் 9-லேருந்து மத்திய சட்டத்துலயும் பெண்களுக்குப் பங்கு உண்டு. அத்தைமார், அவங்க பிள்ளைகள் எந்த நாட்டுல இருந்தாலும் விடுதலைப் பத்திரமோ (பங்கை விட்டுக் கொடுக்கிற பத்திரம்), கிரையத்துல கையெழுத்தோ வேணும். "அவங்க எல்லாம் கேக்க மாட்டாங்க"ன்னு சொல்ற வீட்டுல கண்டிப்பா ஒருத்தர் கேப்பார்.

மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. போனது 2016 பிப்ரவரி. பத்து நாள் கூட்டத்துக்கு லாட்ஜ்காரர் கணக்குப் போடலாம், வருஷம் முழுக்கக் குடித்தனம் வைக்கப் போற நீங்க அதை விலையில சேர்க்கக் கூடாது.


ரசீதுப் புத்தகம்:

தஞ்சாவூர் வீட்டுக்குக் கணக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறேன்.

விலை 58 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5.22 லட்சம். தரகு ஒரு சதவீதம் என்றால் 58 ஆயிரம். வக்கீல் பார்வை, பத்திர எழுத்து, பட்டா மாற்றம், சொத்து வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து ஒரு 20 ஆயிரம். 15 வருஷக் கட்டடத்தில் மொட்டை மாடித் தளவரிசை, குளியலறைக் கசிவு, வெள்ளையடிப்பு என்று கைவைத்தால் 2 லட்சம் குறைந்தபட்சம். மொத்தம் 66 லட்சம். உங்கள் வரம்பே 65.

பெண்கள் பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறையும் என்று யாராவது சொல்வார்கள். 2025 ஏப்ரல் முதல் அந்தச் சலுகை உண்டு, ஆனால் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான். உங்களுக்குப் பொருந்தாது.

வரவு, மாதம் 21,000 வீதம் வருஷத்துக்கு 2.52 லட்சம். அதில் ஒரு மாத வாடகையைக் காலியாகக் கிடப்பதற்கும், இன்னொரு மாத வாடகையைப் பராமரிப்புக்கும் கழியுங்கள். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், மோட்டார் ரிப்பேருக்கு 10 ஆயிரம். மிச்சம் 2 லட்சம். 66 லட்சத்துக்கு 2 லட்சம் என்பது 3 சதவீதம்.

இதற்கு 25 லட்சம் கடன் போட்டால், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம், தவணை மாதம் சுமார் 21,700. வருஷத்துக்கு 2.6 லட்சம். வீடு தருவது 2 லட்சம். அதாவது 40 லட்சத்தைக் கொடுத்துவிட்டு, வருஷத்துக்கு 60 ஆயிரம் சம்பளத்திலிருந்தும் கொடுக்கிறீர்கள். அதே 40 லட்சம் ஆறரை சதவீத வைப்பில் இருந்தால் 2.6 லட்சம் வட்டி தரும். மண் விலை ஏறும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட வேண்டும். அந்த நம்பிக்கைக்கு எத்தனை ரூபாய் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

வருமான வரியில், வாடகையிலிருந்து சொத்து வரி கழித்த மீதியில் 30 சதவீதம் நிலைக் கழிவு, பிறகு கடன் வட்டி. பழைய முறையில் நஷ்டம் வந்தால் வருஷத்துக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் ஈடுகட்டலாம். புதிய முறையில் அது இல்லை. "லோன் போட்டா வரி மிச்சம்" என்று சொல்பவர் எந்த முறையில் கணக்குப் போடுகிறார் என்று கேளுங்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஒரு சதவீதம் வரியை விற்பவருக்குத் தரும் தொகையில் நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டும், இங்கே 58 ஆயிரம். விற்பவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ குடியிருப்பவர் என்றால் ஒரு சதவீதம் என்ற கணக்கே மாறிவிடும், பிடித்தம் பல மடங்கு. டெல்டாவில் இது அடிக்கடி வரும் சங்கதி, முன்பணத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். முன்பணமானாலும் மீதியானாலும் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது.

இந்த வீட்டைக் காப்பாற்றக் கூடிய ஒரே வழி மேல் போர்ஷன். இரண்டு படுக்கையறை வீடாக 10,000 தருவதை, ஒரு படுக்கையறை வீடு இரண்டாகப் பிரித்தால் தலைக்கு 6,500 வரும் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 3,000. தடுப்புச் சுவர், இன்னொரு சமையல் மேடை, ஒரு கழிப்பறை, குழாய் வேலை, எல்லாம் இரண்டரை லட்சத்தில் முடிந்தால் அந்தப் பணத்துக்கு வருஷம் 36 ஆயிரம், 14 சதவீதத்துக்கும் மேல். வீட்டுக்குப் போட்ட பணம் 3 சதவீதம் தரும் இடத்தில் இது பெரிய வித்தியாசம். ஆனால் புதுக் கழிப்பறை, கீழ்வீட்டுக் கழிப்பறைக்கு நேர் மேலே வர வேண்டும். வேறு இடத்தில் வைத்தால் குழாயைத் தளத்தின் மேல் ஓட்டி, தரையை முக்கால் அடி உயர்த்தி, இரண்டு வருஷத்தில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் காட்டும். தனி வாசலும் தனிச் சமையலறையும் இருந்தால்தான் தனி மின் இணைப்புக்கு விண்ணப்பிக்க முடியும், அதையும் வரைபடத்திலேயே பாருங்கள்.

தஞ்சாவூரில் சின்ன வீட்டுக்குத்தான் ஆள் நிலையாகக் கிடைக்கும். மருத்துவக் கல்லூரி, அதைச் சுற்றி வளர்ந்த தனியார் மருத்துவமனைகள், அவற்றின் செவிலியர், பயிற்சி மருத்துவர், ஆய்வகத்தார், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் எல்லாம் ஒருவர் இருவராக வருபவர்கள். வல்லம், திருமலைசமுத்திரம் பக்கத்துப் பல்கலைக்கழகங்களை நம்பி வீடு வாங்கச் சொல்வார்கள். அங்கே மாணவர்களில் பெரும்பகுதி விடுதியில் இருப்பவர்கள், பேருந்தில் வந்து போகிறவர்களும் உண்டு.


டியூப் லெவல்:

பத்திரத்தைப் பத்தி அரசலாறு அண்ணன் சொல்லிட்டார், நான் மண்ணைப் பத்திச் சொல்றேன். டெல்டாவில வாடகை வீடு தோத்துப் போறதுல பாதி தண்ணியாலதான்.

தஞ்சாவூருக்குத் தெக்கேயும் மேக்கேயும் செம்மண், செம்புராங்கல் மேடு. நாஞ்சிக்கோட்டை ரோடு, வல்லம் பக்கம் எல்லாம் அந்த வகை. அஸ்திவாரம் சுளுவா நிக்கும், உறிஞ்சு குழி வேலை செய்யும். ஊரைத் தாண்டி வடக்கேயும் கிழக்கேயும் போகப் போக வண்டலும் களியும். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் எல்லாம் அதுதான். களி மண்ணு மழையில ஊதும், சித்திரை வைகாசியில சுருங்கி வெடிக்கும். வழக்கமா மூணு அடி வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிச் செங்கல் அஸ்திவாரம் போட்ட ஒத்தை மாடி வீட்டுல, ஜன்னல் மூலையிலேருந்து சாய்வா ஒரு விரிசல் ஓடும். பூசி மறைச்சிருந்தா புதுப் பெயிண்ட் தனியா தெரியும். விரிசல் ஒரு ரூபா காசு நுழையற அளவு இருந்து, வெளிப்பக்கமும் அதே கோட்டுல தெரிஞ்சா அஸ்திவாரம் இறங்குதுன்னு அர்த்தம்.

மன்னம்பந்தல் மனையில நீங்களே கட்டப் போறீங்கன்னா முதல் செலவு மண் பரிசோதனை, ரெண்டு இடத்துல துளை போட்டு. களி ஆழமா இருந்தா அடியில குமிழ் வச்ச பைல் (மண்ணுக்குள்ள இறக்கற கான்கிரீட் தூண்) பத்துப் பன்னிரண்டு அடிக்கு இறக்கி, மேல பிளிந்த் பீம் (தூண்களை இணைக்கிற கான்கிரீட் உத்திரம்) போட்டுக் கட்டணும். அடுத்தது நிரப்பு மண். வயல் மட்டத்துல இருக்கிற 1,500 சதுர அடி மனையை மூணு அடி ஏத்தணும்னா 4,500 கன அடி, அதாவது 45 யூனிட். தண்ணி விட்டு இறுக்கினா அஞ்சுல ஒரு பங்கு கீழ போயிடும், அதனால 56 யூனிட்டாவது அடிக்கணும். முக்கால் அடிக்கு மேல ஒரே வரியா கொட்டக் கூடாது, கொட்டி, நனைச்சு, இடிச்சு, அப்புறம் அடுத்த வரி. லாரியில கொண்டு வந்து ஒரே நாள்ல குவிச்சுட்டு அடுத்த வாரம் வானம் தோண்டறவங்க வீட்டுலதான் முதல் மழைக்கு டைல்ஸ் உள்வாங்கும்.

தஞ்சாவூர் வீடு போலக் கட்டின வீடா இருந்தா, பத்து மீட்டர் கண்ணாடி மாதிரி உள்ள தெரியற பிளாஸ்டிக் குழாய் ஒண்ணு வாங்கிட்டுப் போங்க. குமிழி இல்லாமத் தண்ணி நிரப்பி, ஒரு முனை ரோட்டு நடு உச்சியில, இன்னொரு முனை வாசல் நிலைப்படியில. தண்ணி மட்டம் ரெண்டு பக்கமும் எங்க நிக்குதோ அதுலேருந்து அளந்தா வித்தியாசம் தெரியும். தரை ரோட்டை விட ரெண்டு அடியாவது மேல இருக்கணும். பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு ஏறி, வீடு பள்ளத்துல போன தெருக்கள் நிறைய. பழைய சாலையைச் சுரண்டிட்டுத்தான் போடணும்னு அரசு உத்தரவு இருக்கு, எல்லா இடத்துலயும் நடக்கறது இல்லை.

கீழ் போர்ஷன் சுவத்துல தரையிலேருந்து முழங்கால் உயரத்துக்கு வெள்ளையா உப்புப் பூத்திருந்தா ஈரம் ஏறுது. பெயிண்ட் அடிச்சா போகாது. குடியிருக்கிறவங்க ஒரு மழைக்காலம் பார்த்துட்டு காலி பண்ணிடுவாங்க. கழிவுத் தொட்டியையும் கேளுங்க. ஐப்பசி, கார்த்திகையில நிலத்தடி நீர் மேல வந்துட்டா களிப் பகுதியில உறிஞ்சு குழி உறிஞ்சாது, தண்ணி திரும்பி வந்து கீழ்வீட்டுக் கழிப்பறை பொங்கும். வருஷத்துல எத்தனை தடவை லாரி வச்சு எடுக்கிறாங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட கேக்காதீங்க, குடித்தனக்காரர்கிட்ட கேளுங்க.

எஃப்.எம்.பி. (நில அளவைத் துறையோட புல அளவை) வரைபடத்துல மனைக்குள்ளேயோ ஓரத்துலயோ வாய்க்கால் புறம்போக்கு எண் ஓடுதான்னு பாருங்க. வயலை மனையாக்கினப்ப பாசன வாய்க்காலை விட்டுட்டு வடிகாலை மூடியிருப்பாங்க. பாசனத்துல தண்ணி வரும், போக வழி இருக்காது. அந்த லேஅவுட்டை கார்த்திகை மாசம் ஒருமுறை போய் நின்னு பாருங்க, வைகாசியில எல்லா மனையும் அழகாத்தான் இருக்கும்.


பாபநாசம் பையன்:

ரொம்ப நன்றி. கும்பகோணம் வீட்டை விட்டுட்டேன். மயிலாடுதுறையில ஆள் கிடைக்குமாங்கிறது மட்டும் இன்னும் தெளிவா இல்லை. தஞ்சாவூர் வீட்டை எடுத்தா இருக்கிற குடித்தனக்காரங்களை அப்படியே வச்சுக்கலாமா? கீழ்வீட்டுக்காரர் ஏழு வருஷமா இருக்காராம், "நல்ல மனுஷன், ஒரு தொந்தரவும் கிடையாது"ன்னு சொல்றாங்க.


வடவாறு:

மயிலாடுதுறை 2020 டிசம்பர்ல மாவட்டமா செயல்பட ஆரம்பிச்சது, கலெக்டர் அலுவலகம் மன்னம்பந்தல் பக்கம்தான், அதுவரைக்கும் தரகர் சரியா சொல்றார். ஆனா அரசு ஊழியர்னாலே குடி வந்துடுவாங்கன்னு இல்லை. கும்பகோணம், சிதம்பரம், சீர்காழியிலேருந்து ரயில்லயும் பஸ்லயும் வந்து போறவங்க அதிகம். பிள்ளைங்க பள்ளிக்கூடம் எங்கேயோ குடும்பம் அங்க. குடி வர்றவங்களும் ஸ்டேஷன், கடைத்தெரு, பள்ளிக்கூடம் பக்கத்துல கேப்பாங்க. புது லேஅவுட்ல தெருவிளக்கு, பால், மினி பஸ் எல்லாம் வர்றதுக்குள்ள வாடகையைக் குறைச்சுத்தான் ஆள் பிடிக்கணும்.

ஒரு விஷயம் நினைவுல வச்சுக்கங்க. 2020-ல வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துல தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் இருக்கு, மயிலாடுதுறைப் பகுதியும் அதுக்குள்ள. எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், உருக்காலை, தோல் பதனிடற மாதிரியான தொழில் எல்லாம் புதுசா வர முடியாது. விவசாயத்துக்கு நல்லது. வாடகைக்கு விடறவரா யோசிச்சா, அந்த வகையில ஒரே நேரத்துல ரெண்டாயிரம் பேர் வேலைக்கு வந்து இறங்கற தொழிற்சாலை இங்க வரப்போறது இல்லை. டெல்டாவில வாடகைன்னா ஆஸ்பத்திரி, காலேஜ், ஆபீஸ், கடைத்தெரு, இந்த நாலுதான். எந்த ஊரா இருந்தாலும் இதுல குறைஞ்சது ரெண்டு நடந்து போற தூரத்துல இருக்கான்னு பாருங்க. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தைக் காட்டி நீலக்குடி பக்கம் மனை விக்கிறவங்களுக்கும் இதே கேள்விதான்.

மனைக்கு இன்னும் ஒண்ணு. "டி.டி.சி.பி. அப்ரூவ்டு" (நகர் ஊரமைப்பு இயக்கக ஒப்புதல்)னு போர்டு இருந்தா, இறுதி ஒப்புதல் எண்ணும், முத்திரை போட்ட வரைபடத்துல உங்க மனை எண்ணும் பார்க்கணும். விண்ணப்பம் போட்டதுக்கே போர்டு வைக்கிறாங்க. சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமா பதிஞ்சு கொடுத்தாச்சான்னு கேளுங்க. அது நடக்காத லேஅவுட்ல ரோடு இன்னும் பழைய முதலாளியோட சொத்து. 2016 அக்டோபர் 20-க்கு அப்புறம் அனுமதி இல்லாமப் பிரிச்ச மனைன்னா வரன்முறைக்கும் வழி இல்லை. செலவும் பாருங்க. மனை 18, பதிவு 1.6, கட்டடம் 1,400 சதுர அடிக்கு சதுர அடி 2,300-ன்னு வச்சா 32. நிரப்பு மண், சுற்றுச்சுவர், போர்வெல், மின் இணைப்பு போட்டா 55-ஐ தாண்டும். அதுவும் முதல் வருஷம் வாடகை பூஜ்யம், திருப்பூர்ல இருந்துகிட்டு வேலையை யார் பார்ப்பாங்கங்கிறது வேற.

இப்ப உங்க கீழ்வீட்டுக்காரர். ஏழு வருஷமா தொந்தரவு இல்லாம இருக்கார்னா முதல்ல கேக்க வேண்டியது, அவர் வாடகைக்கு இருக்காரா, போக்கியத்துக்கு இருக்காரா. நம்ம பக்கம் ஒத்தி, போக்கியம், லீஸுன்னு பல பேர்ல அஞ்சு லட்சம், எட்டு லட்சம் மொத்தமா கொடுத்துட்டு மாச வாடகை இல்லாமக் குடியிருக்கிறது சகஜம். வெள்ளைத் தாள்லயோ முத்திரைத் தாள்லயோ எழுதியிருப்பாங்க, பதிவு இருக்காது, அதனால வில்லங்கச் சான்றுல வராது. விக்கிறவர் அந்தப் பணத்தைச் செலவழிச்சிருப்பார். நீங்க கிரையம் பண்ணின மறுநாள் அவர் உங்ககிட்ட வந்து எட்டு லட்சத்தைக் கேப்பார், கொடுக்கிற வரைக்கும் காலி பண்ண மாட்டார். 11,000 வாடகைன்னு சொன்னா பணம் வந்த வங்கிக் கணக்குப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்க. குடித்தனக்காரரை நேர்ல பார்த்து, அட்வான்ஸ் எவ்வளவு, வாடகை எவ்வளவு, எந்த மாசம் வரைக்கும் கட்டியிருக்கார்னு எழுதிக் கையெழுத்து வாங்குங்க. அந்த அட்வான்ஸைக் கிரையத் தொகையில கழிச்சுக்கிட்டு, இனி வாடகையை உங்களுக்குக் கட்டறதா அவர்கிட்ட ஒரு கடிதமும் வாங்கிட்டா அவரையே வச்சுக்கலாம். மேல் போர்ஷனைப் பிரிக்கிறதா இருந்தா அதை மட்டும் காலியா ஒப்படைக்கணும்னு விற்பனை ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க.

புதுசா குடி வைக்கிறப்ப எழுத்துல ஒப்பந்தம் கட்டாயம். 2019 பிப்ரவரி 22-லேருந்து நடைமுறையில இருக்கிற வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி அதை வாடகை அதிகாரிகிட்டப் பதியணும், இணையத்துலயே பண்ணலாம். வீட்டுக்கு அட்வான்ஸ் பொதுவா மூணு மாச வாடகைன்னு சட்டம் சொல்லுது. பத்து மாசம் வாங்கற பழக்கம் ஊர்ல இன்னும் இருக்கு, ஆனா பதியாத ஒப்பந்தத்தை வச்சுக்கிட்டுக் காலி பண்ணச் சொல்லி அதிகாரி முன்னாடி போனா உங்க பக்கம் வலுவில்லாமப் போயிடும்.

ஒப்பந்தம் முடியற மாசத்தை வைகாசியில வர்ற மாதிரி வைங்க. பள்ளிக்கூட லீவுலதான் குடும்பங்கள் வீடு மாறும். ஆனிக் கடைசியில காலியானா ஆடி முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும், ஆவணி பொறந்தாத்தான் பால் காய்ச்ச வருவாங்க. கார்த்திகைக் கடைசியில காலியானா மார்கழி போயிடும். ரசீதுப் புத்தகம் சார் கழிச்ச அந்த ஒரு மாசம் இங்கதான் போகுது.


ரசீதுப் புத்தகம்:

வடவாறு சொன்னதோடு ஒன்று. கீழ்வீட்டில் போக்கியம் என்று தெரிந்தால் உண்மையான வாடகை வரவு 10,000 மட்டும்தான், மேலே நான் போட்ட கணக்கு முழுக்கத் தவறு. செலவெல்லாம் அப்படியே இருக்கும், வரவு மட்டும் பாதிக்குக் கீழே. 21,000 வாடகை என்று சொல்லித்தானே 58 கேட்டார்கள், பேரத்தை அங்கிருந்து திரும்பத் தொடங்குங்கள். கடன் 10 லட்சத்துக்குள் அடங்கினால் தவணை மாதம் 8,700-க்குக் கீழே நிற்கும், மேல் போர்ஷனைப் பிரித்த வாடகையிலேயே அது கழிந்துவிடும். அதற்கு விலை 45 லட்சத்துக்கும் கீழே வர வேண்டும். வராவிட்டால் அதே சாலையில் 800, 900 சதுர அடி மனையில் உள்ள சின்ன வீடுகளைப் பாருங்கள். மொத்த விலை குறைவு, ஆனால் வாடகை அதே விகிதத்தில் குறையாது.